கேத்தலுக்கு அடியில் அப்பாவின் தட்டு

பேரிக்காய்த் தோட்டம், ஆல்டர் ஃபெரி
ஜூன் 4

அன்புத் தம்பி ஆர்விட்டுக்கு,

அக்கா மெர்னா எழுதுவது. இங்கே நானும் நாயும் நலம். என் இடது முழங்கால் மட்டும் யாரும் கேட்காமலே மழை வருமா வராதா என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. நீ மலை ஏறி இரண்டு வாரம் ஆயிற்று. காட்டுத்தீக் காவல் கோபுரத்தின் படிகள் போன வருஷத்தைவிடக் கூடியிருக்கின்றனவா? மூச்சு வாங்குகிறதா? மறைக்காமல் எழுது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உங்கள் மலைக்குச் சரக்கும் தபாலும் ஏற்றிவரும் ட்வைலாவின் கோவேறு கழுதை மேல் உனக்கு உலர்ந்த ஆப்பிள் வளையம் ஒரு பை அனுப்பியிருக்கிறேன். அப்பா இருந்தபோது போட்டதுதான். இதுதான் கடைசிப் பை.

விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில் அப்பா உன் கையில் ஒரு எஃகுத் தட்டைக் கொடுத்தாரே, அது எங்கே? எனக்கும் ஒன்று கொடுத்தார். வக்கீல் ஒபேலியா டெல்காடோவிடம் மூன்றாவது இருக்கிறது. பழம் கட்டும் பொட்டலக் கொட்டகையில் அப்பா ஓட்டிய இயந்திரங்கள் ஞாபகம் இருக்கிறதா, காது கிழியும்படி கத்துமே, அவை சம்பாதித்த பிட்காயின் எல்லாம் அந்தத் தட்டுகளுக்குள் அடக்கம். உயிலின் கணக்கை முடிக்க வேண்டும். பனி விழுவதற்கு முன்னால் நீ ஒருநாள் இறங்கி வந்து ஒபேலியா அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ. அவளும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். டப்பா பீன்ஸையே மூன்று வேளையும் தின்னாதே.

உன் அக்கா,
மெர்னா

---

கழுகுமுனைக் கோபுரம்
ஜூன் 19

அன்புள்ள அக்கா,

நலம். உன் முழங்கால் நலமா? படிகள் கூடவில்லை. நான்தான் தேய்ந்துவிட்டேன்.

தட்டு பத்திரமாக இருக்கிறது. காப்பிக் கேத்தலுக்கு அடியில்! மேசை கருகிப்போகாமல் இருக்க அருமையான பொருள். அப்பா அதைக் கொடுத்தபோது, "யாருக்கும் காட்டாதடா"ன்னார். மருந்து மயக்கத்தில் உளறுகிறார் என்று நினைத்தேன். அதில் என்னவோ எழுத்து குத்தியிருக்கிறது. விளக்கின் மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க நேற்று இருட்டில் விரலால் தடவியே படித்தேன். எழுபத்தாறு வயதில் மனுஷன் கவிதை எழுதியிருக்கிறார். நீயும் ரசி:

ஏணி, எலுமிச்சை, ஆடு, குளிர்காலம்,
குடை, நாக்கு, பியானோ, அனாதை,
சூப்பு, கயிறு, நிலா, செங்கல்.

"ஆடு, குளிர்காலம்" வரைக்கும் சரி. அந்த அனாதைக்கு ஏன் சூப்பு கொடுத்தார் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பிட்காயின் எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. முட்டாளுக்குச் சொல்வதுபோல் சொல். இங்கே செய்தி ஒன்றுமில்லை. போன வாரம் டிராக்டர் கிளப்பிய புழுதியைப் புகை என்று வயர்லெஸ்ஸில் அறிவித்துவிட்டேன். எல்லா மலைக் கோபுரமும் சிரித்தது.

ஆப்பிள் வளையத்துக்கு நன்றி. தினமும் ஒன்றுதான் தின்கிறேன்.

உன் தம்பி,
ஆர்விட்

---

ஆல்டர் ஃபெரி
ஜூன் 21

அட பாவி,

நலமா என்று பிறகு கேட்கிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். நாய் பயந்து மேசைக்கு அடியில் போய்விட்டது.

அது கவிதை இல்லை, ஆர்விட். அதுதான் சாவி! அந்தப் பன்னிரண்டு சொல்லையும் அதே வரிசையில் வைத்திருப்பவன் எவனோ அவன் உன் கையெழுத்தைப் போடலாம். அதைக் கடிதத்தில் எழுதி, உறைக்குள் போட்டு, கழுதை மேல் ஏற்றி, அஞ்சலகம் வழியாக அனுப்பியிருக்கிறாய். இந்தப் பிட்காயின்காரர்களிடம் ஒரே ஒரு வேதவாக்குதான் உண்டு. அந்தச் சொற்களை யாரிடமும் சொல்லாதே, எதிலும் எழுதி அனுப்பாதே. யாராவது போன் செய்து இனிக்க இனிக்கப் பேசி அதைக் கேட்டால் அவன் திருடன். நெருப்பிலும் அழியக் கூடாதென்றுதான் அப்பா அதை எஃகில் குத்தினார். நீ அதன் மேல் கேத்தலை வைத்தாய். அதுகூடப் பரவாயில்லை, தட்டு தாங்கியது.

சரி, முட்டாளுக்குச் சொல்கிறேன், கேள். காலையில் ஏழு மணிக்கு உங்கள் மலைகள் எல்லாம் வயர்லெஸ்ஸில் பேர் சொல்லி அழைத்துக்கொள்வீர்களே. நீ சொல்வதை மற்ற கோபுரங்களும் தங்கள் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும், அவர்கள் சொல்வதை நீ எழுதிக்கொள்வாய். நாளைக்கு நீ, "நான் டிராக்டரைப் புகைன்னு சொல்லவே இல்ல"ன்னு சாதித்து உன் பதிவேட்டை அழித்தாலும் செல்லாது, ஏனென்றால் மற்ற எல்லாருடையதிலும் அது இருக்கிறது. அதோடு, ஒவ்வொரு நாள் பக்கமும் முந்தின நாள் பக்கத்தின் முத்திரையோடுதான் தொடங்கும் என்று வைத்துக்கொள். நடுவில் ஒரு பக்கத்தை மாற்றினால் அதற்குப் பின்னால் வரும் எல்லா முத்திரையும் பல்லிளிக்கும். இதைத்தான் பிளாக்செயின் என்கிறார்கள். சங்கிலி. வங்கி இல்லை, மேலாளர் இல்லை, எல்லாரும் எழுதிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்பது அதில் இருக்கும். காசு என்று கையில் எதுவும் கிடையாது. நம்மிடம் இருப்பது சாவி மட்டும்தான். அது தொலைந்தால் போய் முறையிட ஒரு ஜன்னல்கூடக் கிடையாது.

சங்கிலியில் அப்பாவின் காசு கிடக்கும் இடத்தை ஒரு பெட்டி என்று வைத்துக்கொள், அதற்கு மூன்று சாவி. மூன்றில் எந்த இரண்டு சேர்ந்தாலும் திறக்கும், ஒன்றால் முடியாது. அதனால் உன் கவிதையை எவனாவது படித்திருந்தாலும் இப்போதைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வெளியே தெரிந்த சாவி செத்த சாவி. உனக்குப் புதிதாக ஒன்று செய்ய வேண்டும். அதன் சொற்கள் ஒரு சின்னக் கருவியில், தபால்தலை அளவுத் திரையில் வரும். சொந்தக்காரன் மட்டும், தன் கண்ணால் பார்த்து, தன் கையால் குத்திக்கொள்ள வேண்டும் என்பது முறை. ஆகவே நீ வந்தே ஆக வேண்டும்.

பெட்டியின் விலாசத்தைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன். இது ரகசியம் இல்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம், தொடத்தான் முடியாது. "சொன்னதை நம்பாதே, சரிபார்" என்பது இவர்களுடைய இன்னொரு வேதவாக்கு.

இப்போது கேட்கிறேன், நலமா?

கோபம் ஆறிய அக்கா,
மெர்னா

---

கழுகுமுனை
ஜூலை 3

அன்புள்ள அக்கா,

நலம். நாய் மேசைக்கு அடியிலிருந்து வந்துவிட்டதா?

மன்னித்துவிடு. ட்வைலாவிடம், "நான் குடுத்த கடிதத்தை நீ படிச்சியா?" என்று கேட்டேன். "உன் கோழிக் கிறுக்கலை ஏன் நான் படிக்கணும்? காசு குடுத்தாலும் மாட்டேன்"னாள். அந்தக் கவலை விட்டது.

வயர்லெஸ் உதாரணம் நன்றாகப் புரிந்தது. காலை அழைப்பில் இனிமேல் வாயைப் பார்த்துத் திறக்க வேண்டும் என்றும் புரிந்தது. ஆனால் அந்தக் காசு முதலில் எங்கிருந்து வருகிறது? கொட்டகையில் அப்பாவின் இயந்திரங்கள் அப்படி என்னதான் செய்தன? அவரிடம் கேட்டபோதெல்லாம், "ஊகிக்குதுடா"ன்னு ஒரே வார்த்தை. அதற்குமேல் அவர் சொல்லியதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை.

இறங்கி வருவது இப்போது நடக்காது. காடு காய்ந்து கிடக்கிறது. செவ்வாயன்று தெற்குப் பள்ளத்தில் மின்னல் விழுந்து புகை எழுந்தது. அது என் பக்கம். ஆனால் ஆற்றுக்கு அப்பால் இருக்கும் கோபுரத்திலிருந்து பாலின் எனக்கு முன்னால் அறிவித்துவிட்டாள். என் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்ததை அவள் பன்னிரண்டு மைல் தள்ளி உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். கெட்டிக்காரி. தீ அணைக்கும் கூட்டம் சீக்கிரமே போய்ச் சேர்ந்தது, ஆபத்தில்லை.

சீசன் முடியட்டும், பார்க்கலாம். முழங்காலுக்கு ஒத்தடம் கொடு.

ஆர்விட்

---

ஆல்டர் ஃபெரி
ஜூலை 9

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். செர்ரி பறித்து முடிந்தது. ஆலங்கட்டி மழை இந்த வருஷம் நம்மை விட்டுப் பக்கத்துத் தோட்டத்தில் விழுந்தது. அதற்காகச் சந்தோஷப்படக் கூடாது என்று தேவாலயத்தில் உட்கார்ந்து என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அப்பா சொன்னது சரிதான், ஊகித்தன. மாவட்டச் சந்தையில் பூசணிக்காயை வைத்து எடை ஊகிக்கும் போட்டி நடக்குமே. ஊகிப்பது கஷ்டம், சரியா என்று பார்ப்பது சுலபம், தராசில் வைத்தால் தெரிந்துவிடும். சங்கிலியில் அடுத்த பக்கத்தை யார் எழுதுவது என்பதற்கு அதே மாதிரி ஒரு போட்டி. முதலில் சரியாக ஊகித்தவருக்குப் பக்கத்தை எழுதும் உரிமை, கூடவே பரிசாகப் புதிய பிட்காயின். அதற்காக உலகமெங்கும் இயந்திரங்கள் ராப்பகலாக ஊகித்துக்கொண்டிருக்கின்றன. ஊகிக்க மின்சாரம் தண்ணீராகச் செலவாகும். நம் அணையின் மின்சாரம் மலிவு, அதனால்தான் அந்தக் காலத்தில் கண்டவனும் இந்தப் பள்ளத்தாக்குக்குப் படையெடுத்தான். பொய்ப் பக்கம் எழுத நினைப்பவன் மற்ற எல்லாரையும்விட வேகமாக ஊகிக்க வேண்டும், அதற்கு ஆகும் செலவில் யோக்கியனாகவே இருந்துவிடலாம்.

அப்பா அத்தோடு நின்றாரா? இயந்திரம் கக்கும் வெப்பத்தை வீணாக்க மனசில்லாமல் மேலே சல்லடை கட்டி ஆப்பிளை உலர்த்தினார். விலை விழுந்து ஊரே சிரித்த வருஷத்தில், "எல்மர், உன் காசு என்னாச்சு?"ன்னு பக்கத்துத் தோட்டக்காரன் அப்பாவைக் கேட்டான். "காசு கிடக்குது, ஆப்பிள் எப்படி?"ன்னு ஒரு கைப்பிடி நீட்டினார். விலை அப்படித்தான், நம் செர்ரியைப்போல. இன்றைக்கு மரம் நிறைய இருக்கும், நாளைக்கு ஆலங்கட்டி.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் கடைசிக் கடிதத்தில் பக்கத்துக்கு ஒன்பது வரிதான் இருக்கிறது. எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவு. வரிகள் வலப்பக்கம் சரிந்து ஓடுகின்றன. போன வருஷம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதுவாய், படிக்க நான் கண்ணாடி போட வேண்டும். கண் எப்படி இருக்கிறது? ஒபேலியாவின் அலுவலகத்துக்கு எதிரிலேயே கண் மருத்துவர் இருக்கிறார். கையெழுத்துப் போட வரும்போது பார்த்துவிடலாம்.

உன் அக்கா,
மெர்னா

---

கழுகுமுனை
ஜூலை 17

அக்கா,

நலம். ஆலங்கட்டி தப்பியதில் மகிழ்ச்சி. பூசணிக்காய் புரிந்தது.

பேனா சரியில்லை. மழுங்கிய பேனாவால் எழுதினால் எழுத்து பெரிதாகத்தான் வரும்.

நீ அனுப்பிய விலாசத்தை ட்வைலாவிடம் கொடுத்திருக்கிறேன். கீழே போனதும் அவள் போனில் பெட்டியை எட்டிப் பார்த்துச் சொல்வாள். அப்பா ஊகித்ததெல்லாம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை. சரிபார் என்று நீதானே சொன்னாய்!

மற்றபடி விசேஷமில்லை.

ஆர்விட்

---

கழுகுமுனைக் கோபுரம்
ஜூலை 31

திருமதி மெர்னா அவர்களுக்கு,

தங்கள் நலம் விழைகிறேன். என் நலம் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

ட்வைலா இன்று வந்தாள். கழுதையிலிருந்து மூட்டையை இறக்கும் முன்பே, "பெட்டி காலி, ஆர்விட். ஜூன் இருபத்திரெண்டாம் தேதியே மொத்தமும் வேற எங்கியோ போயிருச்சு"ன்னாள். "நல்லா பாத்தியா?"ன்னு கேட்டேன். "ரெண்டு தரம் பாத்தேன், என் மச்சினனையும் பாக்கச் சொன்னேன்"ன்னாள். என் கவிதையைப் படித்து எந்தத் திருடனும் எடுத்திருக்க முடியாது, ஒரு சாவி போதாது என்று நீதான் எழுதினாய். மூன்றில் இரண்டு. எனக்கு எண்ணத் தெரியும். நீயும் ஒபேலியாவும்.

ஜூன் இருபத்தொன்றாம் தேதி எனக்குக் கடிதம் எழுதினாய், மறுநாள் பெட்டியைத் துடைத்து வைத்தாய். அதற்குப் பிறகும் கையெழுத்துப் போட வா, வா என்று எழுதியிருக்கிறாய். எதில் கையெழுத்து? காலிப் பெட்டியிலா?

பணம் பெரிதில்லை அக்கா. எனக்குப் பணம் என்னத்துக்கு, ஒரு கேத்தல் போதும். ஆனால் நீ என்னை ஒரு முட்டாளாக வைத்து, பூசணிக்காய் காட்டி விளையாடினாயே, அதுதான் நெஞ்சை அறுக்கிறது. உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஆர்விட்

---

ஆல்டர் ஃபெரி
ஆகஸ்ட் 3

என் தம்பிக்கு,

நீ நலமாக இல்லை என்று தெரியும். நானும் நலமாக இல்லை. உன் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே படித்தேன்.

ஆமாம், எடுத்தேன். நானும் ஒபேலியாவும் எடுத்தோம். உன் கவிதை வந்த அன்றைக்கே அவளிடம் ஓடினேன். அவள், "மெர்னா, ஒரு சாவி தெருவுல கெடக்குது. இன்னொண்ணும் தொலஞ்சா எல்லாம் போச்சு. நாளைக்குக் காலையிலயே வேற பெட்டிக்கு மாத்திருவோம்"ன்னாள். மாற்றினோம். ஒரு துளி குறையாமல் அங்கே இருக்கிறது. புதிய விலாசத்தை இதோடு வைத்திருக்கிறேன். ட்வைலா பார்க்கட்டும், அவள் மச்சினன் பார்க்கட்டும், கழுதையும் பார்க்கட்டும். உன் சாவிக்கான இடம் மட்டும் அதில் காலியாக இருக்கிறது. சங்கிலி பொய் சொல்லவில்லை, ஆர்விட். எங்கே போனது என்று அது சொல்லும். ஏன் போனது என்று அதற்குத் தெரியாது. அதை என்னிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உண்மையைச் சொல்கிறேன். உன் கையெழுத்து எனக்கு ஒருநாளும் தேவைப்படவில்லை. ஜூன் மாதம் முதல் கடிதம் எழுதியபோதே தேவையில்லை. ஒபேலியாவும் நானும் போதும், உயில் முடிந்திருக்கும். உன்னை வரவழைக்க எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. சும்மா வாடா என்றால் நீ வருவாயா? பத்து வருஷமாகக் கூப்பிடுகிறேன். காடு காய்கிறது என்பாய், பனி என்பாய், கோபுரத்துக்குப் பெயின்ட் என்பாய். பெட்டியை மாற்றிவிட்டோம் என்று எழுதியிருந்தால் அந்தச் சாக்கும் போயிருக்கும். அதனால் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கினேன். அது தப்பு.

நீயும்தான் விழுங்குகிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? இருட்டில் விரலால் தடவிப் படித்தேன் என்று எழுதினாயே, அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்தது. டிராக்டர் புழுதி, பாலின் பார்த்த புகை, ஒன்பது வரி. அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. நடுவில் ஒரு கறை, ஓரத்தில் மட்டும் வெளிச்சம். கடைசி இரண்டு வருஷம் இயந்திரம் சரியாக ஓடுகிறதா என்று அவர் காதால்தான் கேட்டுச் சொன்னார். மற்றவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

இறங்கினால் வேலை போய்விடும், வேலை போனால் நீ யாருமில்லை என்று நினைக்கிறாய். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீ பார்ப்பாய் என்று நம்பித்தானே அந்தப் பள்ளங்களில் அணைக்கும் கூட்டம் இறங்குகிறது. செவ்வாய்க்கிழமை பாலின் பார்த்தாள். அடுத்த செவ்வாய்க்கு அவள் வேறு பக்கம் திரும்பியிருந்தால்? உனக்கே அது தெரியும், அதனால்தான் அவளைக் கெட்டிக்காரி என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே ஆபத்தில்லை என்று எழுதினாய்.

நீ என் தம்பி. உன் கண் போனால் என் கண் இருக்கிறது. வா.

மெர்னா

---

ஆல்டர் ஃபெரி
ஆகஸ்ட் 31

ஆர்விட்,

நலமா? நலமா? நலமா?

பதினான்காம் தேதி ட்வைலா வெறும் பையோடு இறங்கினாள். "கடிதத்தைக் குடுத்தேன். வாங்கிக்கிட்டு உள்ள போனான், வெளிய வரல"ன்னாள். இருபத்தெட்டாம் தேதி புகை அதிகம், பாதையை அடைத்துவிட்டார்கள், கழுதையே ஏறவில்லை. இங்கே பள்ளத்தாக்கு முழுக்க மஞ்சள். வெயில் சுடவில்லை, சாம்பல்தான் விழுகிறது. பேரி பறிக்கும் ஆட்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஏணியில் நிற்கிறார்கள்.

தினமும் காலையில் வனத்துறை நிலையத்துக்குப் போன் செய்கிறேன். "காலை அழைப்புக்குக் கழுகுமுனை பதில் சொல்லுது, பாட்டி"ன்னு ஒரு பொடிப்பயல் சொல்கிறான். அவன் பாட்டி என்று கூப்பிடுவதைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன். நீ உயிரோடு இருப்பது மட்டும் தெரிகிறது.

கோபமாக இரு. திட்டு. ஆனால் ஒரு வரி எழுது.

அக்கா

---

கழுகுமுனை
செப்டம்பர் 11

அன்புள்ள அக்கா,

நலம் என்று எழுத மாட்டேன், இனிமேல் உன்னிடம் அந்தப் பொய் வேண்டாம். உடம்பு சௌக்கியம். கண் நீ எழுதியபடிதான். உன் மூன்றாம் தேதிக் கடிதத்தைப் பெரிய கண்ணாடி வைத்து, ஓரக்கண்ணால், ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிப் பொறுக்கி நான்கு நாளாகப் படித்தேன். அவ்வளவு மெதுவாக வாசித்தால் ஒரு சொல்லையும் தாண்டிப் போக முடியாது. உன்னைத் திருடி என்று நினைத்தேன். அதை நினைத்தால் எனக்கே கூசுகிறது. என்னை மன்னித்துவிடு, அக்கா.

பிறகும் ஏன் எழுதவில்லை என்றால், எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. நிலைய அதிகாரியிடம் தனியாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அவர் நல்லவர். "இந்த சீசன் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்"ன்னு சொல்லிவிடுவார். நானும் சரியென்று தலையாட்டிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அதனால் நேற்றுக் காலை அழைப்பில் என் முறை வந்தபோது சொன்னேன். "கழுகுமுனை. காற்று மேற்கே. புகை தெரியல. புகை இருந்தாலும் எனக்குத் தெரியாது, எனக்குக் கண் போயிட்டிருக்கு. தெற்குப் பள்ளத்தை பாலின் பாத்துக்கட்டும். எனக்குப் பதிலா ஆள் அனுப்புங்க. எல்லாரும் எழுதிக்கிட்டீங்களா?" என்று கேட்டேன். அப்புறம் பாலின், "எழுதிட்டேன், ஆர்விட்"ன்னாள். வடக்குக் கோபுரம், "எழுதிட்டேன்"ன்னது. ஒவ்வொரு மலையாகச் சொன்னது. எல்லாருடைய பதிவேட்டிலும் ஏறிவிட்டது. இனி நானே நினைத்தாலும் அழிக்க முடியாது. உன் சங்கிலி எதற்கு உதவும் என்று எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

அழுதேன். பிறகு காப்பி போட்டேன்.

மாற்று ஆள் அடுத்த வாரம் வருகிறார். அதற்கடுத்த சனிக்கிழமை ட்வைலாவோடு இறங்குகிறேன். ஆனால் ஒரு சிக்கல். சாவியின் சொற்களைச் சொந்தக்காரன் தன் கண்ணால்தான் பார்க்க வேண்டும், வேறு யாரும் பார்க்கக் கூடாது என்று எழுதியிருந்தாயே. தபால்தலை அளவுத் திரை என்றாய். அன்றைக்கே எனக்குத் திக்கென்றது. அந்த முறைப்படி எனக்குச் சாவி கிடையாது. வேண்டாம், விடு. என் இடம் காலியாகவே இருக்கட்டும்.

உன் தம்பி,
ஆர்விட்

---

ஆல்டர் ஃபெரி
செப்டம்பர் 14

என் தங்கத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து என் முழங்கால்கூட வலிக்கவில்லை. நாயிடம் இரண்டு தரம் படித்துக் காட்டினேன். அதற்கு முன்னால் கொஞ்சம் அழுதேன், அதையும் நாய் பார்த்தது.

காலியாக விடுவதா? நல்ல கதை! ஒபேலியாவிடம் கேட்டேன். "முறைப்படி வேற யாரும் அந்தச் சொற்களைப் பாக்கக் கூடாது, மெர்னா. நீ பாத்தேன்னா ரெண்டு சாவியும் உன் கையில இருக்குற மாதிரி. நாளைக்கு நீ அவனை ஏமாத்தலாம்"ன்னாள். "அவன்கிட்ட ஏற்கெனவே அந்தப் பேர் வாங்கியாச்சு, இனிமே எதுக்குப் பயம்?"ன்னு சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "வக்கீலா நான் இதைக் கேக்கவே இல்ல"ன்னாள்.

ஆகவே இப்படிச் செய்யலாம். சமையலறை மேசையில் நாம் இரண்டு பேர் மட்டும். திரையில் வருவதை நான் உன் காதில் படிப்பேன். நீ சுத்தியலால் தட்டில் குத்து. ஊரிலேயே பெரிய எழுத்து அச்சுகளாகப் பார்த்து வாங்கியிருக்கிறேன், ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அகலம். தடவினால் கல்வெட்டு மாதிரி இருக்கும், உன் விரல் படித்துக்கொள்ளும். படித்துக் காட்டிய அடுத்த நிமிஷமே நான் மறந்துவிடுகிறேன். இந்த வயதில் அது எனக்குக் கஷ்டமான காரியம் இல்லை.

பொட்டலக் கொட்டகையில் நிறுத்திவைத்த இயந்திரங்களில் ஒரு சின்னதை மட்டும் மறுபடி ஓடவிட்டிருக்கிறேன். காசுக்கு இல்லை, ஆப்பிளுக்கு. உன் அறை அதற்குப் பக்கத்தில். ராத்திரி அதன் இரைச்சலைக் கேட்டபடி தூங்கலாம், அப்பா செய்ததுபோல.

சனிக்கிழமை மலையடிவாரத்தில் வண்டியோடு நிற்பேன். கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கு.

அக்கா

---

கழுகுமுனை
செப்டம்பர் 20

அன்புள்ள அக்கா,

நலம். இந்தத் தடவை நிஜமாகவே.

மாற்று ஆள் வந்துவிட்டார். ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர் அம்மா, கழுகுக் கண். உன் கடிதத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான், உரக்கப் படித்துக் காட்டியவரும் அவர்தான். "உங்க அக்கா சத்தம் போட்டுப் பேசுற ஆள்தானே?" என்று கேட்டார். எழுத்திலேயே தெரிகிறதாம். அணைக்கும் கூட்டத்து ஆள் ஒருவன் கீழே போகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வரிகள் கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டாதே.

பழைய தட்டைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். செத்த சாவிதானே, இனி யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். உன் மேசைக்கும் ஒரு கேத்தல் தாங்கி வேண்டியிருக்கும்.

ஒன்றை மட்டும் மாற்று, அக்கா. புதுச் சொற்களைப் படித்ததும் மறந்துவிடுவதாக எழுதியிருக்கிறாய். மறக்காதே. நான் மறந்துபோனால் யாரைப் போய்க் கேட்பேன்?

உன் தம்பி,
ஆர்விட்